யானை பொறித்த பொத்தான்கள்

ரங்கூன் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்து பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரர் ராணுவக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தமிழ் வேலையாள் அதிலிருந்து யானை பொறித்த பொத்தான்களை அறுத்தெடுக்கிறார். தயங்கித் தயங்கி, ஏன் என்று கேட்கிறேன்.

"தொரை டென்மார்க்காரருங்க. இருபது வருசமா சயாம் ராஜா படையில கர்னலு. இப்ப ஊருக்குப் போறாரு. ராஜா முத்திரை ராஜாவுக்கே போய்ச் சேரணும்னு சொல்லிட்டாரு."

"வேற பொத்தான்?"

"அதான் அண்ணே, வாங்க மறந்துட்டேன். கப்பல் கெளம்பப் போகுது. படைய நடத்துன மனுசன், கோட்டக் கையில புடிச்சுக்கிட்டா ஏறுவாரு?" அவருக்குக் கண் கலங்குகிறது.

என் சட்டையில் நான்கு எலும்புப் பொத்தான்கள் இருக்கின்றன. கத்திரியை வாங்குகிறேன்.

கர்னல் நிமிர்ந்து நடந்து கப்பலேறுகிறார். சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஏறுகிறேன்.