எங்கே என்று கேட்கக் கூடாது

எங்கள் ஊரின் பெயரிலேயே மலை இருக்கிறது, ஊரில்தான் இல்லை. விருத்தாசலம் என்றாலும் முதுகுன்றம் என்றாலும் பழைய மலை என்றுதான் பொருள். அந்த மலை எப்போதோ கோயிலுக்கு அடியில் மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று சொல்வார்கள். எட்டு வயது வரை நான் பார்த்த ஒரே மலை, கம்மாபுரம் பக்கம் பஸ்ஸில் போகும்போது தூரத்தில் தெரிகிற சுரங்கத்து மண்மேடு. அதை நான் மலை என்று சொன்னதற்கு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் அதுவரை வேறு மலை எதையும் கிட்டத்தில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டிலேயே இருந்தார். பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. கீறல் விட்டு ஒதுக்கிப்போட்ட கப்புகளை அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரே மாதிரி இரண்டு கப் எங்கள் வீட்டில் கிடையாது. சூளை வாயில் நின்று நின்று அவருடைய முன்கைகளில் முடியே இருக்காது. மார்கழிக் காலையில் நாங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது அவர் பம்புத் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றிக்கொள்வார். “சூளையில நிக்கிறவனுக்குக் குளிரு என்னா பண்ணும்” என்று அம்மா தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அம்மா இன்னொன்றிலும் கெட்டி. எங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிற ஆளை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்டுவிட முடியாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் கிளம்பியவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்ப வேண்டும். இந்த வழக்கம் பல வீடுகளில் உண்டு. மற்ற வீடுகளில் முகம் சுளிப்பதோடு விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது சட்டம். அப்பா ஒருமுறை இப்படித் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் சிதம்பரம் பஸ் போய்விட்டது.

அந்த வருஷம் கம்பெனியில் சூளையைப் பிரித்துக் கட்டினார்கள். மாமாவுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. இந்தத் தடவை நிஜ மலையைப் பார்த்தே தீருவது என்று அவர் பிடிவாதம் பிடிக்க, அப்பா, அம்மா, மாமா, நான் என்று நான்கு பேரும் கிளம்பினோம். பையும் மூட்டையுமாகத் தெருவில் கால் வைத்ததும் எதிர் வீட்டு அக்கா வாயை விட்டுவிட்டார்.

“என்னாக்கா, குடும்பத்தோட எங்க கெளம்பிட்டீங்க?”

பூட்டிய கதவைத் திறந்து நான்கு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். மாமா ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “போதுமாக்கா? இல்ல இன்னொரு சொம்பு குடிக்கட்டுமா?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை.

வேப்பூரில் போய் பஸ் பிடித்து, திருச்சி தாண்டி, திண்டுக்கல் தாண்டி, பழனி மலைப் பக்கம் உச்சியில் ஒரு சிற்றூரில் போய் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தே அப்பா பாதி ஆளாகிவிட்டார். நாங்கள் அறை எடுத்திருந்த வீடு மலை முகட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை மரங்களுக்குள் புகுந்து மேலே ஏறியது. மரங்கள் முடிகிற இடத்தில் அது இரண்டாகப் பிரிந்து, இடது பக்கம் ஒரு பாறை முனைக்கும், வலது பக்கம் முகட்டின் மேலேயே புல்வெளி வழியாக வெகுதூரமும் போகுமாம். எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் மரங்கள் மட்டும்தான் தெரியும்.

அறையைத் திறந்துவிட்டபோதே வீட்டுக்காரர் மாமாவிடம் விவரமாகச் சொன்னார். “மேல நடக்கணும்னா தாராளமா போங்க. பாதைய விட்டு எறங்காதீங்க. பிளாஸ்டிக் எதையும் போட்டுட்டு வராதீங்க, காட்டெருமை தின்னுட்டுச் சாகுது. மத்தியானத்துக்கு மேல மஞ்சு ஏறும். மஞ்சு மூடிருச்சுன்னா ஒரு அடி கூட வைக்காதீங்க. பாதையிலயே உக்காந்துக்கங்க, நாங்க தேடி வந்துருவோம். ஆனா எந்தப் பக்கம் போறீங்கன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க.”

மஞ்சு என்று அவர் சொன்னது மேகத்தை. அங்கே மேகம் தரையில் நடந்து வரும்.

மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டுக்காரர் போனதும் அம்மா கதவைச் சாத்திவிட்டு, “நல்ல மனுஷனாத்தான் இருக்காரு. கெளம்புற வாயில எங்க போறன்னு சொல்லணுமாமே” என்று முணுமுணுத்தாள். அதற்கு அவள் ஒரு வழியும் கண்டுபிடித்தாள். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் பால் வாங்கப் போகிற நேரம் பார்த்து மாமாவை எழுப்பி, டீ போட்டுக் கொடுத்து, “அவரு வர்றதுக்குள்ள கெளம்பிடு” என்றாள்.

அப்பா எழுந்திருக்கிற நிலைமையில் இல்லை. அம்மா அவர் நெற்றிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா லுங்கியை மடித்துக் கட்டி, மெல்லிய சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டார். அப்பாவின் ஸ்வெட்டரை நான் எடுத்துக் கொடுத்தேன். அதை என் தலையிலேயே போட்டு மூடிவிட்டு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். ஸ்வெட்டரிலிருந்து தலையை வெளியே எடுத்த நான் அவர் பின்னாலேயே ஓடினேன்.

“மாமா, எங்க…”

அவ்வளவுதான் சொன்னேன். பின்னாலேயே ஓடிவந்த அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. தைலம் உதட்டில் பட்டு எரிந்தது. மாமா திரும்பிப் பார்த்தார், விஷயம் புரிந்து சிரித்தார். “வந்து சொல்றேன் பாப்பா” என்றார். அம்மாவைப் பார்த்து, “போயிட்டு வரேன்க்கா” என்றார். மரங்களுக்குள் அவர் போய் மறைந்த பிறகுதான் அம்மா கையை எடுத்தாள்.

மத்தியானம் மஞ்சு ஏறியது. முற்றத்துத் துணிக்கொடி முதலில் மறைந்தது. பிறகு மரங்கள் மறைந்தன. பிறகு மழை பிடித்துக்கொண்டது. அம்மா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். வீட்டுக்காரர் குடையோடு வந்து, “தம்பி எங்கம்மா? எந்தப் பக்கம் போயிருக்காரு?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க” என்றாள் அம்மா.

“போகும்போது கேக்கலியா?”

வீட்டுக்காரர் போய் நாலைந்து பேரைக் கூட்டிவந்தார். அவர்களும் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். வனத்துறைக்காரர் வந்தார், அவரும் கேட்டார். படுக்கையிலிருந்து எழுந்து வந்த அப்பா அம்மாவைக் கேட்டார். காலையில் யாருமே கேட்கக் கூடாது என்றிருந்த கேள்வியை அன்று மாலை எல்லோரும் கேட்டார்கள். வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கப் போவதும் வழுக்கி விழுவதும் பாறை முனைப் பக்கம்தான் என்பதால் தேடப் போனவர்கள் முதலில் இடது பக்கம் போனார்கள். மழையில் அங்குலம் அங்குலமாகத் தேடிவிட்டு, இருட்டிய பிறகு வெறுங்கையோடு வந்தார்கள். அதற்கு மேல் முகட்டில் நடந்தால் தேடப் போகிறவர்களும் மிஞ்ச மாட்டார்கள் என்றார்கள்.

விடிந்ததும் வலது பக்கம் போனார்கள். போன கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

நான் பார்க்கவில்லை. அப்பாவிடம் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று கேட்டேன். விழவில்லை, எங்கேயும் அடியில்லை. பாதையிலேயே ஒரு கல்லில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நனைந்த சட்டையோடு ராத்திரிக் காற்றில் விறைத்துப் போயிருக்கிறார். பிஸ்கட் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம். “சொன்னபடியே உக்காந்திருக்காருங்க. நாங்க வருவோம்னு உக்காந்திருக்காரு” என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாமாவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஸ்வெட்டரை நனைய நனையக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமாவை ஊருக்குக் கொண்டுவந்தோம். காரியம் முடிகிறவரை வீடு நிறைய ஆட்கள். சாவு என்றால் அதற்குக் காரணம் கண்டுபிடித்தாக வேண்டுமே, அந்த வேலையை அப்பாவின் அக்கா எடுத்துக்கொண்டார். எங்கள் அத்தை எதையும் சத்தமாகத்தான் விசாரிப்பார்.

“கெளம்பறப்போ யாராச்சும் எங்கன்னு கேட்டுட்டாங்களா?”

எதிர் வீட்டு அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அதற்குத்தான் நாங்கள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டோமே. மிச்சம் நான்தான். எங்க என்கிற வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. பாதிக் கேள்வி என்றாலும் கேள்விதான். அதற்கு மாமா தண்ணீர் குடிக்கவும் இல்லை. மாமாவைக் கொன்றது நான்தான் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அம்மா சொல்லிவிடப் போகிறாள் என்று பயந்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

“கேக்கல. ஒருத்தரும் கேக்கல” என்றாள்.

என்னைக் காப்பாற்றத்தான் அம்மா பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பொய்க்காக அவள் சொன்ன வேலையை எல்லாம் முகம் கோணாமல் செய்தேன்.

அப்பா மறுபடி வேலைக்குக் கிளம்பினார். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை மூட்டை கட்டி வண்டியில் வைத்து ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். முதல் நாள், மூட்டையைக் கயிறு போட்டு இறுக்கிவிட்டு அவர் வண்டியை உதைக்கப் போனபோது அம்மா வாசலுக்கு வந்தாள்.

“எங்க போறீங்க?”

குழாயடியில் நின்ற எதிர் வீட்டு அக்கா குடத்தைப் பாதியில் இறக்கி வைத்தார். அப்பா காலைத் தூக்கியபடியே அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அப்பாவையும் அனுப்பிவிடப் போகிறாள் என்று ஓடிப்போய் வாசற்படி மேல் ஏறி, எம்பி, அவள் வாயை என் இரண்டு கைகளாலும் பொத்தினேன்.

அம்மா என் கைகளை மெதுவாக எடுத்தாள். எடுத்தவள் விடவில்லை, தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள்.

“எங்க போறீங்க? எந்த வழியா போறீங்க?”

அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே வரவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நின்று பதில் சொன்னார். “கருவேப்பிலங்குறிச்சிக்குத்தான். மெயின் ரோட்டாலயே போயிட்டு அதுலயே வந்துடுவேன். பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடுறேன்.”

அவர் தெரு திரும்புகிறவரை அம்மா என் கைகளை விடவில்லை. குனிந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணீர் என் விரல்மேல் விழுந்தது. மாமாவைக் கேட்ட என்னை அவள் மன்னித்துவிட்டாள், அதைத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அன்று அங்கே மன்னிப்பு தேவைப்பட்டவள் நான் இல்லை என்பது எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை.