“எங்களுக்கு ஒருத்தரும் சாகேல்லையா?”

அக்டோபர் கடைசியில் வியா மக்வேதா என்ற கடைத்தெருவில் நடந்தால், வறுத்த பாதாமும் உருகிய சீனியும் கலந்த வாசம் மூக்கில் ஏறும்... கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறம் தீட்டிய சீனிப் பொம்மைகள். வாளோடு நிற்கும் வீரர்கள், கைகோத்து ஆடும் சோடிகள். இத்தாலியில் இந்தப் பலேர்மோவுக்கு வந்த முதல் வருடம், அதெல்லாம் கலியாண வீட்டுக்கு என்றுதான் நினைத்தேன்.

செத்தவர்கள் பிள்ளைகளுக்குக் கொண்டுவரும் பரிசாம்!

அதை எனக்குச் சொன்னது என் மகள் யாழினி. அப்போது அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தால் வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“அம்மா, எங்களுக்கு ஒருத்தரும் சாகேல்லையா?”

நான் அடுப்பை நிறுத்தினேன்.

“வகுப்பிலை எல்லாருக்கும் ஆரோ செத்திருக்கினம். அவை நவம்பர் ரெண்டு விடிய விளையாட்டுச் சாமான் கொண்டு வருவினமாம். எனக்கு மட்டும் ஒருத்தரும் இல்லை...”

அவளுடைய அப்பா வன்னியில் சண்டையின் கடைசி நாட்களில் செத்தவர். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. இவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். ‘அப்பா தூரத்திலை வேலை செய்யிறார்’ என்று சொல்லியே வளர்த்துவிட்டேன். சின்னப்பிள்ளை தாங்கமாட்டாள் என்று நினைத்தேன்... உண்மையில் தாங்கமாட்டாதவள் நான்தான்.

மறுநாள், நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மாவிடம், சிஞ்ஞோராவிடம், இந்தப் பண்டிகையைப் பற்றிக் கேட்டேன். கணவரை இழந்தவர். உற்சாகமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். முதலாம் திகதி இரவு செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். பரிசுகளை ஒளித்துவைப்பார்களாம். குழப்படி செய்த பிள்ளைகளின் காலைச் சீஸ் துருவியால் துருவிவிடுவார்கள் என்று பயந்து, அன்றைக்கு வீட்டில் துருவியை ஒளித்துவைப்பார்களாம். விடிந்ததும் பரிசைத் தேடி எடுத்துவிட்டு, பூவோடு கல்லறைக்குப் போவது வழக்கமாம்.

“உயிரோட இருக்கேக்கை என்ரை மனுசன் பிள்ளையளுக்கு ஒரு பந்துகூட வாங்கினதில்லை. செத்தாப் பிறகு வருஷா வருஷம் பேரப்பிள்ளையளுக்கு வாங்கிறார்” என்று இத்தாலியனில் சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு அழுதேன். எல்லாம் சொன்னேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “பிள்ளை இன்னும் தகப்பன் வருவாரெண்டு பாத்துக்கொண்டிருக்கிறாளா?”

தலையாட்டினேன். நாங்கள் இருந்த பிரான்காச்சோவுக்குத் திரும்பும் பஸ் பயணம் முழுக்க அந்தக் கேள்விதான் கூட வந்தது.

முதலாம் திகதி விடுமுறை. பின்னேரம் யாழினியைக் கட்டிலில் பக்கத்தில் இருத்தினேன்.

“பிள்ளை... அப்பா வேலைக்குப் போகேல்லை. அவர் செத்துப் போனார். அம்மா பொய் சொல்லிப்போட்டன்.”

என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டு, “ஏன் சொல்லேல்லை?” என்று கத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே அடுத்த கேள்விக்குப் போனாள்.

“அவர் இஞ்சை வரலாமா? அவருக்கு பெர்மெஸ்ஸோ இருக்கா?”

“செத்தவைக்கு அந்த அனுமதிக் கடதாசி தேவையில்லையம்மா. எந்த அதிகாரியும் மறிக்கேலாது.”

விடியற்காலை அவள் எழும்பமுதல், குதிரைமேல் இருக்கும் ஒரு சீனி வீரனை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். கண்டுபிடித்ததும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் கதவைத் திறந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாளாம்: “எனக்கு அப்பா கொண்டுவந்தவர்.”

செத்துப்போனார் என்பதை அவள் முதன்முதலாக வெளியில் சொன்னது, அப்படிப் பெருமையாகத்தான்.

இப்போது பலேர்மோவிலும் ஹாலோவீன் வந்துவிட்டது. முகத்தில் சிவப்புச் சாயத்தால் ரத்தம் கீறிக்கொண்டு பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள். யாழினியும் சூனியக்காரி உடுப்போடு சிநேகிதிகளுடன் சுற்றிவிட்டுத்தான் வருகிறாள். ஆனால் மறுநாள் பின்னேரம் என் பக்கத்தில் வந்து இருப்பாள். அப்பாவைப் பற்றி இதுவரை சொல்லாத ஒன்றை நான் சொல்லவேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம்.

முந்தி அவர் பெயரை எடுத்தாலே நான் கதையை மாற்றிவிடுவேன். இந்த வருடம், அவர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும்போது பிழையான வரிகளோடு உரத்துப் பாடுவதைப் பாடியே காட்டினேன்.

“அப்ப எனக்குப் பாட்டு வராதது அவராலைதான்!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நானும்தான்... அவரை நினைத்து, வாய்விட்டு.