சுறா விற்பவளுக்கு நீச்சல் தெரியாது

ராத்திரி வாசலில் ‘புஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டால் அது பாம்பா, காற்று டாங்கியா என்று யோசிக்க வேண்டிய தொழில் என்னுடையது.

ஜொகூர் பாருவில் ஒரு சின்ன டைவிங் பயண ஏஜென்சியில் கவுன்டர் வேலை. எந்த நாட்டுக் கடலில் எந்த மாதம் எந்த மிருகம் வரும் என்று சொல்லி, ஆட்களைத் தண்ணீருக்கு அடியில் அனுப்பிவைப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது. படித்தது கான்வென்ட்டில்; அங்கே எங்களை மூழ்கச் சொன்னது ஜெபத்தில் மட்டும்தான். மகள் ரூத்துக்கு இரண்டு வயது. அவள் பிறந்ததிலிருந்து, லிஃப்ட் கதவு கொஞ்சம் தாமதமாகத் திறந்தால்கூட எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இப்போதும் பிள்ளையைத் தூங்கவைத்து, ஒவ்வொரு ஜன்னலாக இழுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் ஜன்னலை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கும் ஜாதி என்றால், வாருங்கள், நமக்குள் பேசிக்கொள்ளலாம்.

பாம்புக்கு மூச்சு வாங்கும்

ரூத் அப்பாவுக்கு அன்று பாசிர் கூடாங்கில் இரவு ஷிஃப்ட். கார் போர்ச்சிலிருந்து சத்தம். நீளமான, கோபமான ‘புஸ்ஸ்ஸ்’. நாகமேதான் என்று முடிவு கட்டினேன். பிள்ளையைத் தூக்கிக் கட்டிலின் நடுவில் போட்டு, சுற்றிலும் தலையணை அடுக்கி, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, என் தவுக்கே, அதாவது கடை முதலாளி, சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். முன்பு கப்பல் பட்டறையில் தண்ணீருக்கு அடியில் வெல்டிங் செய்தவர். எதற்கும் பதறாத மனுஷன். “போனை ஜன்னல்கிட்ட பிடி” என்றார். பிடித்தேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

“பாம்புன்னா நடுவுல மூச்சு வாங்கும்மா. இது நிறுத்தவே இல்ல பாரு. கடையில எடமில்லன்னு உங்க போர்ச்சுல டாங்கி வெச்சிட்டு வந்தேனே, அதோட வால்வு. போய் மூடு லா, என் காத்தெல்லாம் போகுது.”

மறுநாள் கடையில் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். ஜனங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம், கவுன்டரில் இருக்கிற பொண்ணு எங்கெங்கே டைவ் பண்ணியிருக்கு என்று. மழைக்காலம் வந்து மெர்சிங் பக்கத்துத் தீவுகளெல்லாம் மூடுவதற்குள் நான் ஒரு தடவை கடலுக்குள் போய் வரவேண்டுமாம். இந்த வேலைதான் எனக்கு ஒத்துவரும் வேலை. ரூத்தின் நர்சரிக்கு எதிர்வரிசையில் கடை, எட்டிப் பார்த்தால் அவள் ஊஞ்சல் தெரியும். அதை விட முடியாது. கடலுக்குள்ளும் போக முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

“ஒரே ஒரு தடவை போதும்மா. இல்லேன்னா கவுன்டருக்கு நான் வேற ஆள் பாக்கணும்.”

வீட்டில் சொல்லிவிட்டீர்களா

பாலோவிலிருந்து ஒருவர் வந்தார். செம்பனைக் கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறார். சுத்தியல் தலைச் சுறா கூட்டங்கூட்டமாகப் போவதை எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறார். அதுதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

அதற்குக் கலாபகோஸ் தீவுகளுக்குப் போகவேண்டும் என்றேன். தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும் குளிர், நீரோட்டம் ஆளையே இழுத்துக்கொண்டு போகும், பழகினவர்களே பாறையைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பார்கள் என்றேன். இதுவரை எவ்வளவு ஆழம் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். எழுந்து நின்று இடுப்பைக் காட்டினார். ரெடாங் தீவுப் பக்கம் ஆமை இருக்கிறது அண்ணே, சாதுவான பிராணி, புல் மேயும், உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று ஆசை காட்டினேன். அசையவில்லை. கடைசியாக, நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். சேவியர் அண்ணனுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது, ஆளை ஓட்டிவிடுவாய் என்பார். “வீட்ல சொல்லிட்டீங்களா அண்ணே?”

“சொல்லிட்டேம்மா. அவதான் சுறா ஜாஸ்தியா இருக்கற எடமாப் பாத்துப் போகச் சொன்னா.”

மான்டாவுக்கு வரிசை

செட்டிநாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஆடிட்டர் ஒருவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். மாலத்தீவுக்கு மான்டா திருக்கை பார்க்கப் போனார். அங்கே ஒரு பக்கத்துக் கடலில் அரை வருஷம், மறுபக்கத்துக் கடலில் அரை வருஷம் என்று மான்டா இடம் மாறும். காற்று திரும்பினால் அதன் தீனி திரும்பும், அது பின்னாலேயே போகும். பக்கம் மாறி டிக்கெட் போட்டால் தொலைந்தோம். நான் சரியான பக்கம்தான் போட்டேன். அதில் சத்தியம் செய்வேன்.

போகுமுன் அவர் என்னைக் கேட்டார்: “மான்டாவக் கிட்டக்கப் பாத்தா எப்படிம்மா இருக்கும்?” கான்வென்ட்டில் பொய் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கேட்காததைச் சொல்லவேண்டும் என்று கற்றுக்கொடுக்கவில்லை. “எனக்கு மூச்சே நின்னுடும் சார்” என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவர் பரவசமாகத் தலையாட்டினார்.

போய் வந்தவர் முகம் சரியில்லை. பவளப் பாறையில் ஒரு இடம், மான்டாக்கள் வந்து நிற்க, குட்டி மீன்கள் அவற்றின் உடம்பைச் சுத்தம் செய்யுமாம். அதன் எதிரில் மணலில் முட்டிபோட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். வரவில்லை. டாங்கியில் காற்று தீர்ந்துகொண்டு வர, வழிகாட்டி மேலே போகலாம் என்று கை காட்ட, பாதி தூரம் ஏறினபிறகு குனிந்து பார்த்தால் கீழே மூன்று மான்டா வந்து சாவகாசமாகச் சுற்றுகிறது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆடிட்டர் கையமர்த்தினார்.

“எனக்கு இது பழக்கந்தாம்மா. அரசாங்க ஆபீஸ்லயும் நாள் பூரா ஒக்காந்துட்டு எந்திரிச்சு வாசலுக்குப் போனப்புறந்தான் என் நம்பரக் கூப்பிடுவாங்க.”

ஐஸ் காச்சாங் வைத்தியம்

சளி பிடித்தவர் டைவ் செய்யக்கூடாது. மூக்கடைத்தால் காதுக்குள் அழுத்தம் சமமாகாது, வலி உயிர் போகும். இதை வாரத்துக்கு நாலு பேருக்குச் சொல்கிறேன். ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் தலைக்குள் விளக்கு எரிந்தது.

அன்றிலிருந்து மத்தியானமானால் ஐஸ் காச்சாங், சீவின ஐஸ் மேல் சிரப் ஊற்றித் தருவார்களே, அது. சாயங்காலம் தலைக்குக் குளித்து, துவட்டாமல் ஃபேனுக்கு அடியில் உட்காருவேன். மழை வந்தால் குடையை மறந்துவிட்டுப் போவேன். தீவுக்குப் போகும் தேதி நெருங்க நெருங்க, ஐஸில் இரண்டு கரண்டி ரோஸ் சிரப் அதிகம் போடச் சொன்னேன். ஒரு தும்மல் வரவேண்டுமே. தோல் மினுமினுவென்று ஆனதுதான் மிச்சம். தனியாகத் தின்றால் சந்தேகம் வருமே என்று, சேவியர் அண்ணனுக்கும் தினமும் ஒரு கிண்ணம் வாங்கிவந்து வைத்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் கடைக்குள் வந்தார். மூக்கு தக்காளி மாதிரி இருந்தது.

“அலமாக், மூக்கே இல்ல எனக்கு. உன்னை நான் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போக முடியாது, கரையிலதான் நிப்பேன். பரவால்ல, தீவுல நம்ம லீலா இருக்கு, அது உன்னப் பிடிச்சிக்கும்.”

பீட்ரூட்

லீலா, தீவில் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் ஆயர் ஈத்தாம் பெண். அப்பா பூச்சாடிக் கடையில் வேலை பார்க்கிறாராம். பூச்சாடி தூக்கித் தூக்கி வந்த தோள், டாங்கியை ஒரு கையால் தூக்கி என் முதுகில் மாட்டியது. ரூத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரூத் அப்பா மணலில் நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “பாப்பாவுக்கு பீட்ரூட் குடுக்காதீங்க, துப்பிடுவா. காய்ச்சல் மருந்து ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு. பெரியவளானா கான்வென்ட்லயே சேருங்க.” அவர் தண்ணீரை எட்டிப் பார்த்தார். “ஏய், அடியில இருக்கற பாறையே இங்கேர்ந்து தெரியுதுடி.”

வாயில் மூச்சுக் குழாயின் ரெகுலேட்டர் இருந்தால் ஜெபம்கூடச் சொல்ல முடியாது. என் மூச்சுதான் எனக்குக் கேட்டது, யாரோ குறட்டை விடுகிற மாதிரி. லீலா என் டாங்கியைப் பின்னாலிருந்து பிடித்து, என்னை ஒரு டிராலி மாதிரித் தள்ளிக்கொண்டு போனாள். மஞ்சள் மீன்கள் வந்தன, போயின. கண்ணைத் திறந்து வைத்திருந்ததே எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் மணலில் ஒரு பள்ளத்தைப் பார்த்தேன். அதன் மேல் வாயால் தண்ணீர் ஊதிக்கொண்டு, பெரிய பல்லோடு ஒரு டிரிகர் மீன். முட்டைக்குக் காவல்.

சுறாவைக் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் நான் எச்சரிப்பது இதைப் பற்றித்தான். கூட்டுக்கு நேர் மேலே போகப்போக அதன் எல்லை புனல் மாதிரி விரிந்துகொண்டே போகும். பயந்து மேலே ஏறினால் அதன் எல்லைக்குள்ளேதான் ஏறுவீர்கள். பக்கவாட்டில்தான் ஓட வேண்டும். மீன் என்னைப் பார்த்தது. ஒரு கண்ணை மட்டும் உருட்டி, ரூத்தை வேறு பிள்ளை தள்ளிவிட்டால் நர்சரி வாசலில் நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குக் கடல்மேல் பயமில்லை. இவள் குழந்தையிடம் நாம் வந்திருக்கக்கூடாது என்றுதான் தோன்றியது. அது பாய்ந்தது. நான் பக்கவாட்டில் கிளம்பினேன். லீலாவின் பிடி விட்டுப்போனதுகூடத் தெரியவில்லை. என் இடது கால் துடுப்பின் நுனியில் ஒரு கடி கடித்து, அது திரும்பிப் போனது.

தரையில் கால் பட்டு எழுந்து நின்றபோது, அடுத்த சாலே மரக்குடிலின் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். மீன் கடித்த துடுப்பை, ஓடிவந்த சேவியர் அண்ணன் தடவிப் பார்த்து, மூக்கடைத்த குரலில், “சரிம்மா, கவுன்டர் உன்னுதுதான்” என்றார். நான் மணலில் உட்கார்ந்து ரூத்தை இறுக்கிக்கொண்டேன். அவள் என் ஈரத் தலைமுடியை வாயில் வைத்துச் சப்பி, உப்பு என்று முகத்தைச் சுளித்தாள். லீலா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

“யக்கா, என்னைத் தொரத்திட்டு வர வெச்ச மொத கஸ்டமர் நீங்கதான். நீச்சல் தெரியாதுன்னு யார்கிட்ட சொன்னீங்க?”

இரண்டாவது தடவை

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சாப்பாட்டு மேஜையில் என் புகழ் பரவிவிட்டது. மீன் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வளர்ந்தது. கருவாட்டு சம்பல் தீர்வதற்குள் அது ரூத் அளவு ஆகிவிட்டது. சேவியர் அண்ணன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். வெல்டிங் செய்தவர்களுக்கு வரும் வெளிச்சம் அது, நல்லதற்கில்லை. “இருட்டினதும் லீலா ராத்திரி டைவ் போகுது. நீயும் போற” என்றார். ஒரே ஒரு தடவை என்றுதானே பேச்சு என்றேன். அது பயந்த பொண்ணுக்குச் சொன்னது என்றார். நான் ரூத்தைத் தூக்கிக்கொண்டு, ரூத் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சாலேக்குள் நுழைந்தேன். பின்னாலேயே டார்ச் வெளிச்சம் வந்தது. கதவைத் தட்டினார்.

“தொறம்மா. ராத்திரியில மீனெல்லாம் தூங்கும், உன்னை யாரும் கடிக்க மாட்டாங்க.”

உலகத்துக் கடல்களையெல்லாம் மாதவாரியாக விற்றுப் பார்த்தவள் சொல்கிறேன், வருஷம் பூராவும் யாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்யக்கூடிய இடம், உப்பில் துருப்பிடித்த தாழ்ப்பாளை ரூத் அப்பாவின் செருப்பால் தட்டித் தட்டி உள்ளேயிருந்து ஒருவழியாகப் போட்டுக்கொண்ட அந்த அறைதான்.