ஒரே பூசணி, இரண்டு ஏலம்

மண்ணரையில் லைன் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் சந்து ஒன்றில் எப்சிபா குடியிருந்தாள். கல்யாணமான கையோடு திருநெல்வேலிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்தவள். பனியன் கம்பெனியில், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கை தன்பாட்டுக்குத் தைக்கும், மனசு தன்பாட்டுக்கு மிதக்கும். கனவில் வருவது எப்போதும் ஒரே ஒரு மெஷின்தான். சன்னலோரமாய், வெயில் விழும் இடத்தில், அவளுக்கே சொந்தமான ஓவர்லாக் மெஷின். சில நாள் அதற்குச் சிறகுகூட முளைக்கும். நொய்யல் ஆற்றுக்கு மேலே பறந்தபடி அவள் டீ-ஷர்ட் தைக்க, கீழே வீரபாண்டிச் சாயப்பட்டறைக்காரர்கள் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்ப்பார்கள்.

சனிக்கிழமைச் சம்பளம் வந்ததும், கட்டிங் வேஸ்ட் துணியில் தானே தைத்த சுருக்குப்பைகளை எடுத்து வைப்பாள். முதலில் வெள்ளைப் பை. அது கர்த்தருக்கான தசமபாகம், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகுதான் அரிசி, வாடகை, பள்ளிக்கூடம். மிஞ்சுவது நீலப் பைக்குப் போகும். பக்கத்து வீட்டு நல்லம்மாள் தன்னுடைய பழைய மெஷினை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். மாசக் கடைசிக்குள் முன்பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாள். நீலப் பை அந்த முன்பணத்தைத் தொட்டுவிட்டது.

மகன் ரூபன் பதினொன்றாம் வகுப்பு, மகள் பெனிலா ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகளுக்குப் பைகளின் நிறம் தெரியும், கனம் தெரியாது. எப்சிபாவும் காட்டியதில்லை.

அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று ஷிப்மெண்ட் அவசரம் என்று கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவள் போனாள். பிள்ளைகள் மட்டும் ஆலயத்துக்குப் போனார்கள். அங்கே ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த காய், கோழி, தேங்காய் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். சபையில் தங்கையா என்று ஒரு பெரியவர். வருசா வருசம் எதையாவது ஏகப்பட்ட விலைக்கு எடுத்துவிட்டு, "மறுபடி ஏலத்துக்கே விட்டுருங்க" என்பார். சபை கைதட்டும். அவர் பணத்தைப் பிறகு சத்தமில்லாமல் பொருளாளரிடம் கட்டிவிடுவார். இதைச் சின்ன வயசிலிருந்து பார்த்த ரூபன் தன் போக்கில் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்: பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணமும் கொடுக்க வேண்டாம்.

அந்த வருசம் பொங்கலூர்த் தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்று வந்திருந்தது. அதைக் கொடியிலிருந்து அறுத்தபோது கொடியே பெருமூச்சு விட்டதாம். அதன் நிழலில் ஒரு பாடகர் குழு நின்று பாடலாம். ரூபன் எழுந்து நின்றான். இரண்டாயிரத்துக்கு ஏலம் எடுத்தான். தங்கையா மாதிரியே கையை வீசி, மறுபடி ஏலத்துக்கு விட்டான். கைதட்டலில் அவன் காது சிவந்தது.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பெனிலாவுக்கு அது பொறுக்குமா? அதே பூசணியை அவள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கேட்டாள். கிடைத்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் வெட்கம் வந்து வாயை அடைத்துவிட்டது. திருப்பி விடச் சொல்ல மறந்துபோனாள்.

சாயங்காலம் எப்சிபா வந்தபோது பூசணி நடு வீட்டில் உட்கார்ந்திருந்தது. அது குடும்பத்தலைவர் போலவும், இவள் விருந்தாளி போலவும் இருந்தது. ஷேர் ஆட்டோக்காரர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம். கதை முழுக்கக் கேட்டவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டிப் போயிருந்த புருசன் செல்வசிங்குக்குப் போன் போட்டால், ஒரே காயை அண்ணனும் தங்கச்சியும் ரெண்டு தடவை வாங்கின அதிசயம் வேதாகமத்தில்கூட இல்லை என்று சிரித்தார். பிறகு, நீயே பார்த்துச் செய் என்றார்.

ஒரு வாரம் சந்து முழுக்கப் பூசணிதான். கடைசி அறையிலிருந்த பீகார்ப் பையன்கள்கூட ரொட்டிக்குத் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை சபைப் பொருளாளர் பொன்னையா வந்தார். தண்ணீர் குடித்தார். தயங்கினார்.

"சின்னப் புள்ளைங்க தெரியாமப் பண்ணிருச்சுங்க. விட்டுருங்கம்மா, கமிட்டில நான் பேசிக்கறனுங்க."

எவ்வளவு சுலபம்! எப்சிபா ஒரு கணம் அந்தச் சுலபத்தில் மிதந்தாள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் கால் தரையைத் தொட்டது. இருவரும் தப்பித்த நிம்மதியில் அவளுக்கு முன்பே மிதந்துகொண்டிருந்தார்கள்.

"ஆலயத்துல சொன்ன சொல்லுல்லா, ஐயா. ரெண்டு பேரும் கொஞ்சங் கொஞ்சமா கட்டிருவாங்க" என்றாள்.

அவர் போனதும் பாயை விரித்து, எல்லாப் பைகளையும் பிள்ளைகள் முன்னால் கொட்டினாள். ரூபன் வெகுநேரம் பார்த்துவிட்டு வெள்ளைப் பைப் பணத்தைத் தொட்டான். அதுவும் கர்த்தருக்கு, இதுவும் கர்த்தருக்குத்தானே என்று வக்கீல் மாதிரி கேட்டான்.

"ஏலே, தசமபாகம் அவரோடது. பூசணிக்கா உங்களுது."

நீலப் பை எதற்கு என்று பெனிலா கேட்டாள். எப்சிபா மெஷினைப் பற்றிச் சொன்னாள். சிறகு சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிட்டாள். ரூபன் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, இதைக் கொடுத்துவிடலாம், மெஷின் அடுத்த வருசம் வாங்கிக்கொள்ளலாம் என்றான். பெற்ற மனசு அல்லவா, அவள் கை அந்தப் பணத்தை நோக்கி நகர்ந்தேவிட்டது.

"அம்மா காசுல மறுபடியும் கைதட்டு வாங்கப் பாக்கறானுங்கம்மா இவன்" என்றாள் பெனிலா.

ரூபன் நீலப் பைப் பணத்தை அம்மா பக்கம் தள்ளிவிட்டான். பிறகு விட்டுக்கொடுப்பவை மெதுவாக, ஒவ்வொன்றாக வெளியே வந்தன: அவனுடைய சனிக்கிழமை சிக்கன் ரைஸ், டேட்டா ரீசார்ஜ், அவளுடைய கிறிஸ்துமஸ் இரண்டாவது டிரஸ். ரூபன் பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளில் போகிறேன் என்றான். சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற காசையும் கணக்கில் வை என்றாள் தங்கச்சி. பங்குனிக்குள் தீர்ந்துவிடும் என்று இருவரும் சண்டை போட்டே ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கே எப்சிபா நீலப் பையோடு நல்லம்மாள் வீட்டுக்குப் போனாள். மீதியை மெல்லத் தந்தால் போதும், நாளைக்குச் சாயங்காலமே மெஷினைத் தூக்கிக்கொள் என்று சொல்லிவிட்டாள் நல்லம்மாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அண்ணனும் தங்கச்சியும் பொன்னையா முன்னால் போய் நின்று முதல் தவணையைக் கொடுத்தார்கள். யாரும் கைதட்டவில்லை. அடுத்த வருசமும் ஏலத்துக்கு உண்டா கண்ணு என்று அவர் கிண்டல் பண்ண, ஒரு கத்தரிக்காய்க்கு மட்டும் நிற்பதாக ரூபன் சொன்னான்.

பின்வரிசையில் எப்சிபா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்து யாரும் கிட்டே போகவில்லை. சாயங்காலம் மெஷினில் முதன்முதலாக என்ன நிற நூல் கோர்ப்பது என்பதில்தான் அவளுக்குக் குழப்பம்.