எந்தக் கட்சியும் இல்லாத நூல்

குத்தாலத்துக் காத்தாயி லேசில் ஒரு நூலை நம்பமாட்டாள். பல்லில் கவ்வி வெடுக்கென்று இழுப்பாள். அறுந்தால் தீர்ந்தது. "உங்க வூட்டம்மாவுக்குப் பூக்கட்டக் குடுங்க" என்று கடைக்காரரிடமே நூல்கண்டைத் திருப்பித் தந்துவிடுவாள். நடவு, களை, அறுப்பென்றால் வயலில் இருப்பாள். மற்ற நாளெல்லாம் கால் தையல் மிஷினில் பஞ்சு விரிப்பு தைப்பாள்.

அந்தத் தை மாதம் சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. கூலி பேசி முடியாததால் அரிவாளை யாரும் தொடவில்லை. பேச்சுவார்த்தை இரண்டு முறை முறிந்திருந்தது. முதல் முறை பண்ணையார் தியாகேசனுக்கு நாற்காலியும் விவசாயக் கூலிச் சங்கத்துக்குப் பெஞ்சும் போட்டதால் சண்டை. அடுத்த முறை வெறுந்தரை. அது பண்ணையாருக்கு ஆகவில்லை. மூன்றாவதும் முறிந்தால் கதிரெல்லாம் வயலிலேயே கொட்டிப்போகும். வீட்டிலோ பொட்டு நெல் இல்லை. பிள்ளைகள் சோறு கேட்டுக் காத்தாயியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.

தாசில்தார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "ஏம்மா, எல்லாரும் ஒரே விரிப்புல உக்காரட்டும். காக்கித் துணியில பெரிசாத் தைச்சுக் குடு. நூல் நெறத்தை மட்டும் ரெண்டு தரப்பையும் கேட்டுப் போடு."

கேட்டாள், பாவம். சிவப்பு என்றதும், அது சங்கக் கொடி என்று பண்ணையார் துள்ளினார். பச்சை என்றதும், அது பண்ணையார் துண்டு என்று சங்கச் செயலாளர் துள்ளினான். அவன் வேறு யாருமில்லை, அவள் புருஷன் மருதையன்தான். கருப்பு ஆளுங்கட்சியுடையதாம், இருவருக்கும் வேண்டாம். வெள்ளைக்கு, "யாரு சரணாகதி அடையிறதாம்?" என்றான் மருதையன். மஞ்சளைக் காட்டினால், "நான் என்ன மஞ்சக் கடுதாசி குடுத்துத் திவாலானவனா?" என்று பண்ணையார் எகிறினார்.

"பசிக்கு என்ன நெறமுன்னு சொல்லுங்க, அதையே போடுறேன்!" என்று கத்திவிட்டு வந்தாள்.

நாகப்பட்டினத்திலிருந்து மீன் விற்க வந்த தனபாக்கியம்தான் வழி சொன்னாள். "வலை பின்னுற தங்கூசி நரம்பு இருக்குக்கா. கண்ணாடியாட்டம், நெறமே கெடையாது."

காத்தாயி கடித்து இழுத்தாள். பல் ஆடியது, நரம்பு அறவில்லை. பிடித்துப்போயிற்று! மூன்று ஊசியை முறித்துத் தைத்து முடித்தாள். வெட்டிய முனைகள் முள்ளாக நிமிர்ந்தன. ஆள் உட்கார்ந்தால் அமுங்கிவிடும் என்று விட்டுவிட்டாள்.

பேச்சுவார்த்தை நாளில் இரு தரப்பும் விரிப்பில் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் பண்ணையார் முகம் கோணியது. மருதையன் ஒருபக்கமாகச் சாய்ந்தான். சபையில் சொறியக்கூடிய இடமா அது? முதலில் எழுந்தவன் வெளிநடப்புச் செய்தவன் ஆகிவிடுவான், ஊரே காறித் துப்பும். வாசலில் நின்ற காத்தாயிக்கு நறுக்காமல் விட்ட முள்முனைகள் நினைவுக்கு வந்தன. போச்சு, தன் கையாலேயே கெடுத்தாச்சு!

"கூலி நெல்லுல கால் மரக்கால் கூட்டித் தரேன்" என்றார் பண்ணையார், நெளிந்தபடி.

"அரை" என்றான் மருதையன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரி, எழுதித் தொலைங்கய்யா!"

மூன்று நாள் இழுக்கிற பேச்சு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கையெழுத்து காய்வதற்குள் இருவரும் எழுந்துவிட்டார்கள்.

மறுநாளே அறுப்பு. அந்த வாரமே காத்தாயி புதுநெல் குத்திச் சோறு வடித்தாள். பிள்ளைகள் மறுசோறு கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மருதையன் மட்டும் தட்டை ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"உக்காந்து சாப்பிடுங்களேன்."

"வேணாம் புள்ள. போராட்டத்துல நின்னவனுக்கு நிக்கிறதுதான் பழக்கம்."