பெட்டியின் அடியில் இருந்த ஓட்டை

சிலிக்கோன் பசையின் புளித்த வாடை... வினாகிரிப் போத்தலைத் திறந்து மூக்கடியில் பிடித்த மாதிரி. இப்போதும் எங்காவது அந்த மணம் வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

திருகோணமலை கம்பஸ் லாப்பில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் வருடம். கிண்ணியாவிலிருந்து வரும் நஸ்ரின், தன் ஆராய்ச்சிக்காக மொட்டைமாடியில் ஒரு பழைய டிஷ்ஷை ரேடியோ டெலஸ்கோப் ஆக்கியிருந்தாள். பால்வீதியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர், டிஷ்ஷுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்தது. வெளிநாட்டிலிருந்து இரவலாக வந்தது. வேறொன்று கிடையாது.

மாரி மழை தொடங்கப் போகிறது. பெட்டியின் விளிம்புகளைப் பசை போட்டு அடைக்கும் வேலை எனக்கு. ஈரம் இழுக்கவென்று சப்பாத்துக் கடையில் கேட்டு வாங்கிய சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளை உள்ளே வைத்தேன். அடியில் பார்த்தால்... ஊசி போகிற அளவில் ஒரு ஓட்டை.

நான் சாம்பல்தீவுக்காரன். அப்பாவின் வள்ளத்தில் ஓட்டையைக் கண்டால் சாப்பாட்டையும் விட்டு ஓடிப்போய் அடைத்துப் பழகிய கை. யாரையும் கேட்கவில்லை. அடைத்துவிட்டேன்.

மூன்று கிழமை மழை.

கிராஃபில் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. நஸ்ரின் நகம் கடித்தாள். நான் காரணமில்லாமல் மாடிக்கும் லாப்புக்கும் நடந்தேன்.

மழை விட்ட ஒரு காலை, அவள் வருவதற்கு முன்பே ஏறிப் பெட்டியைத் திறந்தேன். சோற்றுப்பானை மூடி மாதிரி உள்ளே முழுக்க நீர்த்துளி. கனெக்டர் பச்சை பிடித்திருந்தது. அப்போதுதான் விளங்கியது... உள்ளே சேரும் ஈரம் வடியவென்று அவளே துளைத்த ஓட்டை அது.

ஊசியால் பசையைக் குத்தி எடுத்தேன். பிறகுதான் அவளுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"பெட்டிக்குள்ள தண்ணி போயிட்டுது போல நஸ்ரின். மழையும் கூடத்தானே."

அவள் வந்து, பெட்டியைக் கையில் வைத்துக் கனநேரம் பார்த்தாள்.

"ஓட்டையும் விட்டுத்தானே வச்சனான்... இதுக்கு மேல என்ன செய்ய ஏலும். நீங்கள் கவலைப்படாதீங்கோ அண்ணா, உங்கட பிழை இல்ல."

ரிசீவர் திரும்ப வேலை செய்யவில்லை. ஒரு வருடம் பிந்தித்தான் அவள் படிப்பை முடித்தாள்.

இப்போது அவள் வெளிநாட்டில், ஒரு பெரிய டெலஸ்கோப்பில். அங்கே ரிசீவருக்குள் குழாய் வழியாக உலர்ந்த காற்றை ஓயாமல் ஊதுவார்களாம். சப்பாத்துக் கடைக்குப் போகத் தேவையில்லை. போன கிழமை வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

"திருகோணமலை மழை எனக்குச் செய்த வேலைய இங்கத்தப் பிள்ளையளுக்கு இப்பவும் சொல்லுறனான் அண்ணா."

சிரிப்பு வேறு.

நாலைந்து தரம் கேட்டேன். பதில் எழுதி, அழித்து, திரும்ப எழுதி... கடைசியில் எல்லாரும் பார்க்க இங்கே எழுதுகிறேன். அவளும் இதைப் படிப்பாள் என்று தெரிந்துதான்.

மழையில் பிழையில்லை, நஸ்ரின். ஓட்டையை அடைத்தது நான்.