தண்ணீரில் போட்ட குப்பி

ஊரார் அவளுக்கு வைத்த பெயர் காத்து சிஸ்டர். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் மூலையில், நெபுலைசர் மிஷினுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே கிடக்கும் மூன்று நாற்காலிகள்தான் பத்தொன்பது வருடமாக அவளுடைய ராஜ்ஜியம். இரைக்க இரைக்க வருவார்கள்; மருந்துப் புகை பிடிக்கவைப்பாள்; போவார்கள்; அடுத்த வாரம் அதே ஆட்கள், அதே நாற்காலி. “ஊருக்கெல்லாம் மூச்சு குடுத்துட்டு நீ மூச்சு வாங்கிட்டு வர்றியே” என்பார் வீட்டுக்காரர். முதல் பத்து வருடம் சிரித்தாள். இப்போது சிரிப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

போதாததற்குப் புதிதாக ஒரு படிவம். ஆஸ்துமாக்காரர் ஒவ்வொருவரையும் கண்ணெதிரே வாயில் வைத்து மருந்து இழுக்கும் பம்பை இழுக்கவைத்துப் பார்க்க வேண்டுமாம், அதைக் கடைசியாக வாங்கிய தேதியையும் எழுத வேண்டுமாம். இதுவரை “ஒழுங்கா இழுக்கறீங்களா?” என்று கேட்பாள், “இழுக்கறேன்” என்பார்கள், ஒரு டிக். யாருக்கும் வம்பில்லை. படிவம் எழுதிய புண்ணியவான் இங்கே ஒரு திங்கட்கிழமை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அன்று முதலில் வந்தவர் ரொட்டிக்காரர், பேக்கரியில் மாவு பிசைகிறவர். நாலு மாதத்தில் பதினோரு தடவை இரைப்போடு வந்துவிட்டார். மருந்துக்கும் இரைப்பு அடங்கவில்லை, மாவுத் தூசி உங்களுக்கு ஆகாது, வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். பேக்கரி முதலாளிக்கு அப்படி எழுதித் தரும் கடிதத்தை வாங்கிப்போகத்தான் வந்திருந்தார். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

“ஒரு தடவ இழுத்துக் காட்டுங்கண்ணே.”

மூச்சை விட்டு, அழுத்தி, இழுத்து, பத்து எண்ணினார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“எப்ப வாங்கினது?”

“அஞ்சு மாசம் இருக்கும்.”

பேனா நின்றது. ஒரு பம்பில் நூற்றிருபது தடவைக்குத்தான் மருந்து. நாளுக்கு நாலு தடவை இழுத்தால் ஒரே மாதம்.

“இதே பம்பா?”

“இன்னும் இருக்கே சிஸ்டர். மாசாமாசம் பம்புக்குள்ள இருக்கற மருந்துக் குப்பியக் கழட்டித் தண்ணில போட்டுப் பாக்கறேன். பாதி முழுகித்தான் நிக்குது. படுத்து மிதந்தாத்தானே காலி?”

“யாரு சொன்னா?” கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“நீங்கதான்! இந்தத் தொட்டிலயே போட்டுக் காட்டினீங்களே.”

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் அது தப்பு என்று சுற்றறிக்கை வந்தது: மருந்து தீர்ந்தாலும் குப்பி முழுகும், அழுத்தினால் சீறவும் சீறும். புதிதாக வந்தவர்களுக்கு மாற்றிச் சொன்னாள். பழையவர்களைக் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றவே இல்லை. நாலு மாதமாக இந்த மனிதர் வெறும் காற்றை இழுத்திருக்கிறார். பதினோரு தடவையும் இவள் டிக் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

“மருந்து எப்பவோ தீந்துபோச்சுண்ணே. தப்பு என்னோடது.”

டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டாள். ஆனால் கடிதம் மேஜைக்குள் போய்விட்டது. புதுப் பம்பில் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார்.

புதுப் பம்பின் மேல் அன்றைய தேதியையும் தீரும் தேதியையும் மையால் எழுதிக் கொடுத்தாள். ரொட்டிக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தி வைத்துக்கொண்டார்.

“அப்ப நாளைக்கும் மாவு பிசையலாம்?”

“மூக்கையும் வாயையும் மூடிட்டுப் பிசைங்க.”

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். “சிஸ்டர், அப்ப மத்தவங்களுக்கும் சொல்லணுமே? என் தங்கச்சிக்கு, எதிர்வீட்டுப் பொண்ணுக்கு, பேக்கரில ரெண்டு பேருக்கு... தண்ணில போட்டுப் பாக்க நாந்தான் சொல்லிக்குடுத்தேன். சிஸ்டர் சொன்னதாச்சே, தப்பா இருக்காதுன்னு.”

மூன்று நாற்காலியும் நிரம்பிவிட்டிருந்தது. கால் கடுத்தது. அவள் படிவத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை எடுத்தாள்.

“ஒவ்வொருத்தராச் சொல்லுங்கண்ணே,” என்றாள். “இப்ப யாருக்கு ரொம்ப இரைக்குதோ, அவங்கள முதல்ல சொல்லுங்க.”